இத்தா அறையும் என் விமானி லைசன்ஸும்

வெளிநாட்டில் எடுத்த லைசன்ஸை இலங்கை லைசன்ஸாக மாற்றுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கல்முனையில் வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ கட்டாரிலோ வாகனம் ஓட்டியிருப்பார். வந்திறங்கியதும் அந்த அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்து, மொழிபெயர்ப்பு வைத்து, படம் ஒட்டி, காரியத்தை முடித்துவிடுவார். ஆகவே நான் பிலிப்பைன்ஸிலிருந்து விமானி லைசன்ஸுடன் வந்து சேர்ந்தபோது ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருவர், அம்பாறைக் கச்சேரி அலுவலகத்தில் தனக்கு நல்ல பழக்கமான ஆள் இருப்பதாகவும், ஒரு கிழமையில் மாற்றித் தருவதாகவும் சொன்னார். இது பறக்கிற லைசன்ஸ் என்றேன். பறந்தால் என்ன, ஓடினால் என்ன, லைசன்ஸ் லைசன்ஸ்தானே என்றார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் மூக்கு நுனியில். அன்றைக்கு என்னவோ சிரித்துவிட்டேன். மாரி மழை தொடங்கியிருந்தது, வாப்பா உயிரோடு இருந்தார், உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

என்னை அனுப்பியது வாப்பாதான். இறக்காமத்துப் பக்கம் இருந்த வயலை விற்றே அனுப்பினார். யானையும் திண்டு, மழையும் திண்டு மிஞ்சினதைத்தானே விற்கிறேன் என்று ஊராரிடம் பகிடி விடுவார். உம்மா அதற்குச் சிரிக்க மாட்டார். வேண்டாமென்றும் சொல்லவில்லை. உம்மா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை, ஆகவே சம்மதம் என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

லைசன்ஸை மாற்ற வேண்டியவை எல்லாம் கொழும்பில் இருந்தன. அந்த லைசன்ஸ் உண்மையானதுதான் என்று பிலிப்பைன்ஸிலிருந்து கடிதம் வர வேண்டும். இங்குள்ள டொக்டர் கண்ணையும் காதையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். விமானச் சட்டத்தில் ஒரு பரீட்சை, பிறகு பரிசோதகரைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பறந்து காட்டுவது. இவற்றுக்கு நான் பயப்படவில்லை. கடைசியாகப் பாதுகாப்புத் தரப்பின் அனுமதி ஒன்று வேண்டும் என்றார்கள். ஆட்கள் ஊருக்கு வந்து விசாரிப்பார்கள், சும்மா ஒரு வழமைதான் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். நானும் சும்மா வழமைதான் என்று நினைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கக் கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அந்த அறையில் சட்டப் புத்தகத்தோடு இருந்தேன். பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள், உன் பறப்புப் புத்தகத்தையும் கடல் கொண்டுபோய்விட்டதா என்று. இல்லை. நான் பறந்த மணித்தியாலங்கள் எல்லாம் எழுதிய அந்தப் புத்தகம் என் பையில் பத்திரமாக இருந்தது. கடற்கரையோரம் இருந்த எங்கள் வீடு போனது. வீட்டில் இருந்த வாப்பா போனார். உம்மா அன்று காலையில் பிரதான வீதிக்கு மேற்கே இருக்கும் ராத்தாவின், என் மூத்த சகோதரியின், வீட்டுக்குப் போயிருந்தபடியால் தப்பினார். நான் மகியங்கனை வழியாகச் சுற்றி, கிடைத்த வாகனத்தில் எல்லாம் ஏறி, மூன்றாம் நாள் ஊருக்கு வந்தேன். அதற்குள் வாப்பாவை அடக்கியிருந்தார்கள். பெரிய குழிகளாக வெட்டி, வரிசையாக வைத்து அடக்கியிருந்தார்கள். எந்த இடம் என்று கேட்டேன். இந்தப் பக்கமாகத்தான் என்று ஒருவர் கையைக் காட்டினார். நான் அந்தக் கை காட்டின பக்கமாக நின்று துஆக் கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. பெண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பாமார் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆண்பிள்ளை உம்மாவின் வீட்டில் வளர்ந்து, கலியாணம் முடித்ததும் பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். உம்மாவின் வீடு கடலோடு போய்விட்டது, பெண்சாதி இல்லை. ஆகவே நான் ராத்தாவின் வீட்டு விறாந்தையில் ஒரு மடக்குக் கட்டிலில் குடியேறினேன். மச்சான் கட்டாரில் இருந்தார். ராத்தாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் வளர்ந்துவிட்டார்கள். உள்ளே போவதானால் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். செய்யச் செய்ய அந்த வீட்டுக்கு நான் அந்நியன் என்பது எனக்கே பழகிவிட்டது.

உம்மா அந்த வீட்டின் பின்னறையில் இத்தா இருந்தார். புருஷன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண் தேவையில்லாமல் வெளியே வரக்கூடாது, அலங்காரம் செய்யக்கூடாது. மார்க்கம் சொல்வது அவ்வளவுதான். எங்கள் ஊர் அதற்கு மேலும் சேர்த்து வைத்திருக்கிறது. அந்நிய ஆணை அவள் பார்க்கக்கூடாது, அவன் காதில் அவள் குரலும் விழக்கூடாது என்பார்கள். ஜன்னலுக்குச் சீலை கட்டுவார்கள். அந்த வருடம் ஊரில் எத்தனை வீட்டில் ஜன்னலுக்குச் சீலை கட்டியிருந்தது என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மகன் என்றபடியால் நான் உள்ளே போகலாம். ஒரு நாள் போய்க் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். உம்மா வெள்ளைப் புடவையில் இருந்தார், கையில் தஸ்பீஹ் மணி. வாப்பாவைப் பற்றி நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நீ இனியும் பறக்கத்தான் வேணுமா என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. வாப்பா வயலை விற்றது எதுக்கு, நான் இந்த விறாந்தையில் கிடந்து சாகவா என்று கேட்டேன். உம்மா தஸ்பீஹை உருட்டினார். நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த கிழமையே கொழும்புக்குப் போய், ஒத்திவைத்திருந்த பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தேன்.

நான் கொழும்பில் இருந்த அந்த நாட்களில்தான் விசாரிக்க இருவர் ராத்தாவின் வீட்டுக்கு வந்தார்கள். சிவில் உடுப்பில் வந்தார்களாம், ஒருவருக்கு நன்றாகத் தமிழ் தெரியுமாம். ராத்தா ரெலிபோனில் சந்தோஷமாகத்தான் சொன்னார். நல்ல மாதிரிக் கதைத்தார்கள், உன் படத்தைக் காட்டிக் கேட்டார்கள், சோடா உடைத்துக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள் என்றார். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். இனி என்ன, கடிதம் வந்துவிடும் என்று இருந்தேன்.

கடிதம் வரவில்லை. ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. கொழும்புக்குப் போய்க் கேட்டால் மேலிடத்தில் இருக்கிறது என்பார்கள். மேலிடம் எது என்று கேட்டால் பேனையை மூடுவார்கள். நான் பிரதான வீதியில் ஒரு ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பி, டிக்கட் போட்டு, எந்த வாசலால் போய் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற வேலை. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிற தாய்மார் ஜன்னல் பக்கம் வேண்டாம், பயம் என்பார்கள். பயமில்லை, நான் பைலட்தான் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வேன். ஊரே என்னைப் பைலட் என்றுதான் கூப்பிட்டது. முதலில் மரியாதையாகக் கூப்பிட்டார்கள், போகப் போக அது ஒரு பகிடியாகிவிட்டது.

கலியாணம் பேசி வந்தவர்களும் இருந்தார்கள். என்ன தொழில் என்பார்கள். லைசன்ஸ் மாறினதும் விமானி என்று ராத்தா சொல்வார். எப்போது மாறும் என்று அவர்கள் கேட்பார்கள். பெண்வீட்டார் வீட்டோடு வருகிறார்கள், மாப்பிள்ளை ஒரு தொழிலோடாவது வர வேண்டாமா? இரண்டு மூன்று இடம் அப்படிப் போனபின் ஒருவரும் வரவில்லை. எனக்கு அது கவலையில்லை என்று சொல்லித் திரிந்தேன். பச்சைப் பொய்.

வேலை முடிந்ததும் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போவேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். அதில் இருந்துகொண்டு வானொலிக் கதையைச் சொல்லிப் பார்ப்பேன். மேலேயிருந்து விமானி கேட்பதும் கீழேயிருந்து கோபுரக்காரர் பதில் சொல்வதும் வாய்ப்பழக்கத்தில் நிற்கிற விஷயம், விட்டால் மறந்துவிடும். கேட்பதும் நான், பதில் சொல்வதும் நான். தோணி இழுக்கிற ஆட்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருவர் ராத்தாவிடம் போய்த் தம்பிக்கு ஓதிப் பார்த்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். ராத்தா தண்ணீர் ஓதி வாங்கி வைத்திருந்தார். அதையும் குடித்தேன். என்னோடு கதைக்க ஒரு ஆள் வேண்டும் என்று அந்த வருடங்களில் ஏங்கின ஏக்கம் எனக்குத்தான் தெரியும்.

புலிகளிடம் விமானம் இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரியவந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. தமிழ் பேசுகிற, விமானம் ஓட்டத் தெரிந்த ஒருவன் இந்தக் கரையில் இருக்கிறான். வேறென்ன வேண்டும்? பொலிஸுக்குக் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க வாங்கில் இருத்தினார்கள். வெளிச்சம் போடாமல் விமானம் ஓட்ட முடியுமா என்று கேட்டார் ஒருவர். வெளிச்சம் போடாமல் சைக்கிள் ஓடினாலே நீங்கள் பிடிக்கிறீர்களே என்றேன். அவர் சிரிக்கவில்லை. பின்னேரம் விட்டார்கள். அதன் பிறகு நான் தேத்தண்ணிக் கடைக்குள் போனால் கதை நின்றுவிடும். கூட்டாளிமார் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. நானாகவே போகாமல் விட்டேன்.

ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் கொழும்புக்குப் போய் டொக்டரிடம் கண்ணைக் காட்டினேன். பிலிப்பைன்ஸுக்கு எழுதி லைசன்ஸைப் புதுப்பித்தேன். பறப்புப் புத்தகத்தில் மட்டும் புதிய வரி ஒன்று ஏறவில்லை. உம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் கொழும்புக்குப் போகிற நாட்களில் விடியச் சுபஹோடு எழும்பி ரொட்டி சுட்டுப் பொதி கட்டித் தருவார். திரும்பி வந்தால் என் முகத்தைப் பார்ப்பார், என்ன நடந்தது என்று கேட்க மாட்டார்.

யுத்தம் முடிந்தது. எங்கள் வீதியில் கொடி கட்டினார்கள், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் கதவுகள் சாத்திக் கிடந்தன. நான் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றும் சொல்லாமல் ஏஜென்சியைத் திறந்தேன். சில மாதம் கழித்து, இனி யாருக்கு என்ன பயம் என்று நினைத்துப் புதிய விண்ணப்பம் ஒன்று போட்டேன். இந்தத் தடவை கொழும்பிலிருந்து நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய சிங்களவர், அமைதியான மனிதர். எனக்குத் தேநீர் வரவழைத்தார். பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, கண்ணாடியை உயர்த்திக்கொண்டு வாசித்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்.

“அன்றைக்கு அந்தப் பின்னறையில் ஒளிந்திருந்த ஆள் யார்?”

எனக்கு விளங்கவில்லை. அவர் கோப்பைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். வீட்டில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்று விண்ணப்பதாரியின் சகோதரி கூறினார். அந்நேரம் பூட்டியிருந்த அறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. அறையைத் திறக்கும்படி கேட்டபோது சகோதரி கதவை மறைத்துக்கொண்டு நின்றார். யாரோ ஒருவர் மறைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சந்தேகம். இவ்வளவுதான். ஐந்து வருடமாக என்னைத் தரையில் வைத்தது இந்த நாலு வரி.

நான் இத்தா என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுக் கோப்பை மூடினார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, எங்கள் ஆட்கள் மரியாதையாகத் திரும்பிப் போயிருப்பார்களே என்றார். அம்மாவிடம் ஒரு சத்தியக் கடதாசி வாங்கி வாருங்கள், இதை முடித்துவிடலாம் என்றார்.

வெளியே வந்து வீதியில் நின்றுகொண்டே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கு நினைவில்லை, சனம் திரும்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. ராத்தா அழுதார். உம்மா உள்ளே இத்தாவில் இருக்கிறா என்றால் கூப்பிடு, கதைக்க வேண்டும் என்பார்கள், அதுக்குப் பயந்துதான் ஒருவருமில்லை என்று சொல்லிவிட்டேன் என்றார். உம்மாவுக்கு அந்த நேரத்தில் பார்த்து இருமல் வரும் என்று நான் கண்டேனா என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். உம்மா குசினி வாசலில் இருந்து பேத்தியின் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். நல்லவிதமாகத்தான் சொல்ல நினைத்தேன். ராத்தாவின் மடத்தனத்தால் என் வயதில் ஐந்து வருடம் போய்விட்டது என்று சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. உம்மா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார்.

“ராத்தாவ ஏசாத. இருமல் தானா வரல்ல, மகன். நான்தான் இருமினன்.”

உம்மா தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்தார்.

“உள்ளுக்கு ஆர் எண்டு கேப்பாங்க, கேட்டாக் கதவுக்கு இஞ்சால நிண்டு செல்லுவம் எண்டு இருமினன். நான் இவன்ட உம்மா, இவன் பறக்கிறதுக்கு எனக்குப் பொருத்தமில்ல, சம்மதமில்ல எண்டு. அவங்க என்னைக் கேக்கல்ல.”

கடல் ஒருவரைக் கொண்டுபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அடுத்தவரை வானத்துக்குக் கொடுக்க மனம் இடம் தரவில்லை என்றார். உன்னிடம் சொன்னேன், நீ விழுந்து பாய்ந்தாய், வேறு யாரிடம் சொல்வது என்றார். அவர்கள் போனபின், கேட்காமல் போனதே அல்லாஹ்வின் நாட்டம் என்று இருந்துவிட்டாராம். அந்த இருமல்தான் உன்னை மறித்து வைத்திருக்கிறது என்று நினைக்கவில்லை, யுத்தத்தால்தான் என்று எல்லோரும் சொன்னதை நம்பினேன் என்றார். பிறகு, இல்லை, இடைக்கிடை நினைத்தேன், வாயைத் திறக்கத்தான் பயம் என்றும் சொன்னார். என் உம்மா பொய் சொல்லத் தெரியாதவர்.

மறுநாள் சமாதான நீதவான் ஒருவரிடம் போனோம். அவர் தானே தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினார். நான் மேற்படி அறையில் இத்தா அனுஷ்டித்துக்கொண்டிருந்தேன் என்ற வரிக்கு உம்மா ஓம் என்றார். சளியின் காரணமாக எனக்கு இருமல் ஏற்பட்டது என்று அடுத்த வரியை வாசித்தார். அந்த வரியை எடுத்துவிடுங்க என்றார் உம்மா. இருந்தால் கடிதத்துக்குப் பலமாக இருக்கும் என்றார் நீதவான். சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிற கடதாசி, அந்த வரி வேண்டாம் என்றார் உம்மா. அவர் என்னைப் பார்த்தார். எடுங்கள் என்றேன். உம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

முச்சக்கர வண்டியில் திரும்பி வந்தோம். சந்தைச் சந்தி தாண்டியதும் உம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“என்னப் பொறுத்துக்க, மகன்.”

எங்கள் ஆட்கள் மத்தியில் ஒருவர் அப்படிக் கேட்டால் அதற்குப் பதில் ஒன்றுதான். பொறுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பிள்ளையிடம் பெற்றவள் கேட்டாலோ கேட்க முன்னரே சொல்லிவிட வேண்டும். எனக்கு நெஞ்சு முழுக்க அந்த ஐந்து வருடம் நின்றது. போட்டோக் கொப்பிக் கடையில் நிறுத்துங்கள் என்று சாரதியிடம் சொன்னேன். இறங்கிப் போய் அந்தக் கடதாசியை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அனுமதி இரண்டு மாதத்தில் வந்தது. ஐந்து வருடமாக விமானத்தில் கை வைக்காதவன் என்பதால் கொஞ்சநாள் திரும்பப் பயிற்சி எடுத்து, பரிசோதகரைப் பக்கத்தில் வைத்துப் பறந்து காட்டினேன். என் பெயர் போட்ட இலங்கை லைசன்ஸைக் கையில் வாங்கிய அன்று கொழும்பில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை. தனியே ஒரு கடையில் புரியாணி தின்றேன். பிறகு உள்ளூரில் சின்ன விமானம் ஓட்டினேன், பிறகு வளைகுடாவுக்கு வந்தேன். இங்கும் லைசன்ஸை மாற்ற வேண்டியிருந்தது. ஆறு கிழமையில் மாற்றித் தந்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் உம்மாவுக்குப் போன் எடுக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பார், அங்கே வெயிலா என்று கேட்பார். இறங்கிவிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டார், பறப்பதைப் பற்றிய ஒரு சொல்லும் அவர் வாயில் வராது. கோபம் எனக்கு எப்போதோ போய்விட்டது. எந்த நாளில் போனது என்றுகூடத் தெரியாது. பொறுத்துவிட்டேன் உம்மா என்று சொல்ல ஒவ்வொரு வெள்ளியும் நினைக்கிறேன். திரும்பக் கேட்காதவரிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் இவ்வளவு காலம் பொறுக்கவில்லை என்றும் சொன்னதாகிவிடும். உம்மா இன்னொரு தடவை கேட்க மாட்டாரா என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து பார்க்கிறேன். லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் வைத்துவிடுகிறார்.